வலது பக்கம் காலி

இரும்பைத் தூக்குகிறவர்களுக்குக் கழுவாய் என்ற சொல் எதற்கு என்று முதல் நாளே டீச்சரிடம் கேட்டுவிட்டேன். பணிமனையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் பட்டாசு. திரி கிள்ளாமலே வெடிப்பேனாம். டீச்சர் எங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவள். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, "பரீட்சைல வரும்" என்றாள். அதற்குமேல் சண்டை போட எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாத யாரும் இனிமேல் பிரிவுப் பொறுப்பில் இருக்க முடியாது என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. அதனால்தான் இந்த வகுப்பு. மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீனின் கடைசி மூலையில், தட்டு கழுவுகிற சத்தத்துக்கு நடுவே நடக்கும். ஃபோர்மேன்கூட எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். பணிமனையில் எங்களை ஓட ஓட விரட்டுகிற மனிதர், இங்கே டீச்சர் கேள்வி கேட்டால் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிடுவார். அதைப் பார்ப்பதற்காகவே நான் ஒரு வகுப்பையும் விடவில்லை.

மொழிப் பாடத்தில் ஒரு பழைய நாடகம் இருந்தது. எந்தக் காலத்திலோ வேறு மொழியிலிருந்து பெயர்த்தது. ஒரு சின்ன ஊர். அங்கே சிலர் மற்றவர்களைக் காட்டி, சூனியக்காரி, சூனியக்காரி என்று கத்துகிறார்கள். நீதிபதி வருகிறார். ஆமாம், நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டு, கூடவே இன்னொருத்தியின் பெயரையும் சொன்னால் உயிர் தப்பலாம். இல்லை என்று சாதித்தால் தூக்கு. படித்த அன்று எனக்கு ரத்தம் கொதித்தது. சொற்களோ ஒவ்வொன்றும் வாயில் நுழைய மறுத்தன. அவதூறு, நிரபராதி, பிரமாணம், உடந்தை, கழுவாய். கழுவாய் என்றால் பிராயச்சித்தமாம். என்னோடு கிரேனில் பாரம் மாட்டுகிற ஒல்லி, அவற்றைச் சாக்பீஸால் இரும்புத் தகடுகளின்மேல் எழுதி வைத்துக்கொண்டு படிப்பான். தகடு லாரியேறிப் போகும்போது அவன் படிப்பும் கூடவே போய்விடும்.

எங்களைத் திருத்த டீச்சர் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாள். இரண்டு பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு நடுவில் ஒருவரை நிறுத்துவாள். அதுதான் கூண்டு. கூண்டில் நிற்பவருக்கு மூன்று கடினமான சொற்கள் கிடைக்கும். அவற்றை வைத்து அவர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். முதல் நாள் விளையாட்டிலேயே ரகளை. கேன்டீன் பின்கதவு வழியாக நேரத்தோடு வீட்டுக்கு ஓடுவதை ஒரு வெல்டர் சொல் சுத்தமாக ஒப்புக்கொண்டுவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஃபோர்மேனுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றோடு டீச்சர் ஒரு விதி போட்டாள்.

"நடக்கவே முடியாத குற்றமா இருக்கணும். நாடகத்துல அப்படித்தானே? காத்துல பறந்தேன், பூனைகூடப் பேசினேன்னு சொல்றாங்க. நீங்களும் அதே மாதிரி அடிச்சு விடுங்க. நிஜம் மட்டும் வேண்டாம்."

அதற்குப் பிறகு வகுப்பு களைகட்டியது. ஃபோர்மேன் நிலாவைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டதாக ஒப்புக்கொண்டார். ஒல்லி தன் மாமியாரை ஒரே வார்த்தையில் பேச விடாமல் செய்ததாகச் சொன்னான். அது நடக்கவே முடியாத குற்றம் என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தோம்.

இது நடந்த அன்று கூண்டில் நின்றவள் என் அக்கா.

அக்காவும் நானும் ஒரே ஷெட். அவள் சிக்னல் கொடுக்கிறவள். கீழே நின்று, கையாலும் வாக்கி டாக்கியாலும் கிரேனை வழிநடத்துவாள். கிரேனை ஓட்டுகிறவர் அவள் கணவர், என் மாமா. ஷெட்டின் கூரைக்குக் கீழே, கண்ணாடிக் கேபினுக்குள் காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். சாப்பாடும் அங்கேதான். அதனால் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர். எங்கள் அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தது, படிப்பு ஏறாதபோது இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது, இன்றுவரை ஒரு சுடுசொல் சொல்லாமல் என் வாயைப் பொறுத்துக்கொள்வது எல்லாம் அவர்தான்.

அக்காவுக்குக் கிடைத்த சொற்கள் பிரமாணம், உடந்தை, கழுவாய். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். எப்போதும் கூண்டுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவள், அன்று தானாகவே எழுந்து போயிருந்தாள்.

"கனம் நீதிபதி அவர்களே! நான் ஒரு சூனியக்காரி. என் புருஷனோட கண்ணைப் பிடுங்கி நான் வச்சிருக்கேன். அவருக்குக் கண்ணு தெரியாது. மேல உக்காந்திருக்கறது மட்டும்தான் அவரு. கிரேனை ஓட்டறது நான். வலது பக்கம் என்ன இருக்குன்னு நான் சொன்னாத்தான் அவருக்குத் தெரியும். இந்தக் குத்தத்துக்கு நான் உடந்தை. கடவுள் மேல பிரமாணமா சொல்றேன். இதுக்கு என்ன கழுவாய்னுதான் எனக்குத் தெரியல."

கேன்டீன் அதிர்ந்தது. ஒல்லி பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "எல்லா வீட்லயும் அதே கதைதாங்கா! நாங்க சும்மா மேல உக்காந்திருக்கோம், ஓட்டறது அவங்க!" ஃபோர்மேன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்று சொல்லும் அச்சாக உட்கார்ந்துவிட்டது என்று டீச்சர் கைதட்டினாள். அன்றைய பரிசான பேனா அக்காவுக்குக் கிடைத்தது.

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவே அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பெரிய சுமையை இறக்கி வைத்தவள்போல இருந்தாள்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வீட்டில் மாமா கதவுநிலையில் வலது தோளை இடித்துக்கொள்வார். கதவைத் திட்டிக்கொண்டே போவார். நானும் சேர்ந்து கதவைத் திட்டுவேன். அக்கா டீ டம்ளரை எப்போதும் அவருடைய இடது கைப்பக்கம்தான் வைக்கிறாள். பைக்கை விற்றுவிட்டார், முதுகுவலி என்றார். முன்பெல்லாம் அக்கா விரலை அசைத்தே சிக்னல் கொடுப்பாள். இப்போதோ வாக்கி டாக்கியை வாயைவிட்டு எடுப்பதே இல்லை. "வலது பக்கம் காலிங்க, வாங்க. காலிங்க, வாங்க." வீட்டில் பேசுவது போதாதா என்று நானே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

தட்டு கழுவும் குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"அக்கா, அது நிஜமா?"

"எது?"

"என்கிட்ட பூசி மெழுகாத. மாமாவுக்குக் கண்ணு தெரியலையா?"

அவள் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

"வெளையாட்டுக்குச் சொன்னதுடி. டீச்சர் என்ன சொன்னாங்க? நடக்க முடியாததைச் சொல்லுன்னாங்க."

"என் மேல சத்தியம் பண்ணு."

குழாயை மூடினாள்.

"வலது கண்ணு சுத்தமாப் போச்சு. இடது கண்ணு குழாய்க்குள்ள பாக்கற மாதிரி நேரா மட்டும் தெரியுது. நரம்பு பட்டுப் போச்சாம், திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"போன கண் பரிசோதனைல பாஸ் ஆனாரே!"

"அந்த எழுத்துப் பலகையை நான் முன்னாடியே போய்ப் பாத்து வந்து மனப்பாடம் பண்ண வச்சேன்."

நாங்கள் எல்லோரும் கேன்டீனில் சொல் சொல்லாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த நாட்களில், இவர்கள் இருவரும் வீட்டில் எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பக்கத்து அறையில்தான் நான் படுத்திருந்திருக்கிறேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? பாரம் தொங்கும்போது கீழ ஆளுங்க நிக்கிறோம். நான் நிக்கிறேன். ஒல்லி நிக்கிறான்."

"நான் பாத்துக்கறேன்டி. கண்கொத்திப் பாம்பா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? இதுவரைக்கும் யாருக்காவது ஒரு கீறல் விழுந்திருக்கா? என் பையன் படிப்பை முடிச்சிடட்டும். அதுக்கப்புறம் அவரே இறங்கிடுவாரு. இப்போ கேபினை விட்டா அவருக்கு வேற என்ன வேலை குடுப்பாங்க? வாசல்ல உக்காத்தி வைப்பாங்களா? அதுக்கும் கண்ணு வேணுமே."

"அப்புறம் எதுக்கு இத்தனை பேர் முன்னாடி சொன்ன?"

அவள் குரல் உடைந்தது. "ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லணும்போல இருந்துச்சு. யாரும் நம்பமாட்டாங்கன்னு தெரிஞ்ச இடத்துல." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரக்கை சில்லென்று இருந்தது. "உனக்கு அவர் என்ன செஞ்சிருக்காருன்னு நினைச்சுப் பாரு. வாயைத் திறக்காத."

சங்கு ஊதியது.

மதியத்துக்குப் பிறகு பெரிய வேலை ஒன்று இருந்தது. லாரி அளவுக்கு இருந்த ஓர் இயந்திர அடிச்சட்டத்தை ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டுபோகவேண்டும். வலது பக்கம் வரிசையாகத் தூண்கள். தூண்களை ஒட்டிக் குறுகலான பாதை. பாரம் சுற்றாமல் இருக்க அதில் ஒரு கயிற்றைக் கட்டி, அந்தப் பாதையில் நடந்தபடி ஒருவர் பிடித்து வருவார். அது எப்போதும் ஒல்லிதான். அவன் உடம்புக்கு மட்டும்தான் அந்த இடம் போதும் என்று கேலி செய்வோம்.

சங்கிலிகளை மாட்டி முடித்து நிமிர்ந்தபோது ஃபோர்மேன் வேகமாக வந்தார்.

"அக்கா, அடுத்த ஷெட்ல சிக்னலுக்கு ஆள் வரல. நீங்க அங்க போங்க. பட்டாசு, இன்னைக்கு நீ சிக்னல் குடு. உனக்குத்தான் தெரியுமே."

அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. "நான் இதை முடிச்சிட்டுப் போறேன் சார்."

"அங்க லாரி காத்துக்கிட்டு நிக்குதுக்கா. போங்க, போங்க."

இருப்பில் இருந்த இன்னொரு வாக்கி டாக்கியை எடுத்து என் கையில் திணித்தார். அக்கா தன்னுடையதைக் கையில் பிடித்தபடி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அடுத்த ஷெட்டின் கதவருகே போய் அங்கேயே நின்றுவிட்டாள்.

பொத்தானை அழுத்தினேன். "மாமா, நான்தான்."

"எங்க அவ?"

"அடுத்த ஷெட்டுக்கு அனுப்பிட்டாங்க."

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "சரிம்மா. வலது பக்கம் மட்டும் விடாம சொல்லிக்கிட்டே இரு."

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. கெஞ்சுகிற குரலை அதட்டுகிற குரல்போல மாற்றப் பார்த்தார். அந்த ஒரு வாக்கியத்தில் என் கோபமெல்லாம் தண்ணீராகிவிட்டது. இந்த ஒரு பாரத்தை நல்லபடியாக இறக்கிவிடுவோம், மற்றதை வீட்டில் பேசிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். உடந்தை என்ற சொல்லுக்கு அக்கா அளவுக்கு எனக்கும் பொருள் தெரிந்துவிட்டது.

"மெதுவா தூக்குங்க மாமா."

சங்கிலிகள் இறுகின. அடிச்சட்டம் தரையைவிட்டு எழும்பியது. ஒல்லி கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூண்களின் ஓரம் நடந்தான். நான் இடது பக்கம், சற்று முன்னால். "தூணுக்கு இடம் இருக்கு மாமா. வாங்க. இன்னும் இருக்கு. வாங்க." அக்கா எப்படி நாள் முழுக்க இதைப் பேசினாள் என்று வியந்தேன். பேச்சை நிறுத்தினால் அவருக்கு அந்தப் பக்கம் இருட்டு. பேசிக்கொண்டே இருந்தால் என்னால் மூச்சுவிட முடியவில்லை.

பாதி தூரம் வந்திருக்கும். முன்பக்கச் சங்கிலி ஒன்று நழுவுவதுபோலத் தோன்றியது. அதைப் பார்க்கக் குனிந்தேன். நழுவவில்லை, ஒன்றுமில்லை. கண்ணைத் தூக்கிப் பார்க்கும்போது பாரத்தின் பின்கோடி வலப்பக்கம் சுழன்று போய்க்கொண்டிருந்தது. ஒல்லி ஒரு தூணுக்கும் அதற்கும் நடுவே, தலையைக் குனிந்து, கயிற்றில் விழுந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கண் தெரிகிற எந்த ஆளும் அந்த நேரத்தில் லீவரிலிருந்து கையை எடுத்திருப்பார். மாமா எடுக்கவில்லை. கிரேன் வந்துகொண்டே இருந்தது.

"நில்!"

கத்தியது வாக்கி டாக்கியிலா, வெறும் தொண்டையிலா என்று எனக்கே தெரியவில்லை. கிரேன் குலுங்கி நின்றது. பாரம் ஒல்லியின் ஹெல்மெட்டை உரசுகிற தூரத்துக்கு வந்து, ஆடி, திரும்பிப் போனது. அவன் முடிச்சை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன பட்டாசு, திடீர்னு வெடிச்சிட்ட?"

எங்கள் பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. பாரம் தொங்கும்போது யார் வேண்டுமானாலும் நில் என்று சொல்லலாம். தரை கூட்டுகிறவர் சொன்னாலும் கிரேன் நின்றாகவேண்டும். ஆனால் நில் என்றவர், பாரம் மறுபடி நகர்வதற்குள் எல்லோர் முன்னாலும் காரணத்தைச் சொல்லவேண்டும். சும்மா விளையாட்டுக்கு யாரும் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. வெல்டர்கள் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். ஃபோர்மேன் வந்தார்.

"ஏன் நிறுத்தின? காரணம் சொல்லு."

சங்கிலி நழுவுவதுபோல இருந்தது என்று சொன்னால் போதும். அது பாதி உண்மையும்கூட. பார்த்துவிட்டு, சரி போகலாம் என்பார். மாமா மாலையில் இறங்கி வருவார், கதவில் தோளை இடித்துக்கொள்வார், கதவைத் திட்டுவார். நாளைக்கும் ஒல்லி அந்தப் பாதையில் நடப்பான். நாடகத்தில் பெயரைச் சொன்னவர்கள்மீது எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது! ஆனால் அங்கே சொன்னதெல்லாம் பொய். இங்கே சொல்லாமல் இருப்பதுதான் பொய்.

வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்திக்கொண்டே பேசினேன். மாமாவுக்கும் கேட்கட்டும் என்றுதான். அவர் முதுகுக்குப் பின்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மேல்வீட்டுக்காரருக்கு வலது பக்கம் கண்ணு தெரியாது சார். பாரம் ஒல்லி மேல வந்தது அவருக்குத் தெரியல."

அடுத்த நொடி ஷெட்டே சிரித்தது.

ஒல்லிதான் முதலில் ஆரம்பித்தான். "ஐயோ, கூண்டை இங்கேயே தூக்கிட்டு வந்துட்டியா! அக்காவுக்குப் பேனா கிடைச்சதுன்னு பொறாமையா?" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஃபோர்மேன் சிரித்துவிட்டுச் சட்டென்று முகத்தை இறுக்கினார். "வேலை நேரத்துல வெளையாட்டு வேண்டாம். ஒல்லி, கயிறைப் பிடி. பாரத்தை நகர்த்தச் சொல்லு."

"சார், இது வெளையாட்டில்ல!"

"நடக்க முடியாததைத்தானே சொல்லணும்? அழகா சொல்லிட்ட. நகர்த்தச் சொல்லு."

ஒல்லி சிரித்துக்கொண்டே மறுபடி தூணோரம் போய் நின்றான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மை என்று தெரிந்த ஒன்றைத் தொண்டை கிழியச் சொல்கிறேன், எல்லோரும் கைதட்டாத குறை.

வலதுபக்கச் சுவரில் தீயணைக்கும் வாளிகள் வரிசையாகத் தொங்கின. ஓடிப்போய் ஒன்றைக் கழற்றி, மணலைக் கொட்டிவிட்டு, தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன்.

"மாமா!" என் குரல் ஃபோர்மேன் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியிலும் கேட்டது. "நான் வலது பக்கம் நிக்கிறேன். என் கையில என்ன இருக்குன்னு சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா, நான் சொன்னது பொய்யின்னு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

சிரிப்பு தேய்ந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கேபின் கண்ணாடிக்குள் மாமாவின் தலை திரும்பியது. மெதுவாக, சுவரின் ஒரு மூலையிலிருந்து தேடிக்கொண்டு வந்தது. என்னைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி தாண்டிப் போயிற்று. நான் வாளியை ஆட்டினேன். சொல்லிவிடுங்கள் மாமா, எப்படியாவது பார்த்துவிடுங்கள் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். நான் பொய்க்காரியாகிவிட்டால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

வாக்கி டாக்கியில் கரகரப்பு கேட்டது.

"வாளிங்க. சிவப்பு வாளி."

அது அக்காவின் குரல்.

அடுத்த ஷெட்டின் கதவருகே நின்றிருந்த அவள், வாயருகே பிடித்த வாக்கி டாக்கியோடு அப்படியே உறைந்துபோயிருந்தாள். சொல்லவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவர் தடுமாறினால் சொல்லிச் சொல்லி அவள் நாக்குக்கு அது பழகிவிட்டது. ஒரே அலைவரிசை. அவருக்குச் சொன்னது ஷெட் முழுவதுக்கும் கேட்டுவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ஒல்லி தலைக்குமேல் தொங்கிய இரும்பைப் பார்த்தான். கயிற்றைக் கையிலிருந்து அவிழ்த்தான். ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்ந்து, தூண்களைவிட்டு வெளியே வந்தான்.

ஃபோர்மேன் அந்தப் பக்கத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அப்புறப்படுத்தினார். பிறகு கேபினுக்கு நேர் எதிரே போய் நின்று கையைக் காட்டினார். மாமா பாரத்தை நேராகக் கீழே இறக்கினார். தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பதுபோல, சத்தமே இல்லாமல் அது தரையைத் தொட்டது. அவ்வளவு சுத்தமாக இறக்க அந்தப் பணிமனையில் வேறு ஆள் கிடையாது.

ஏணியில் ஒவ்வொரு படியாகக் காலால் தேடி இறங்கி வந்தார். தரைக்கு வந்ததும் என்னைக் கேட்கவில்லை. ஃபோர்மேனையும் கேட்கவில்லை.

"ஒல்லி எங்க?"

"இங்கதாண்ணே."

"எங்க நின்னுக்கிட்டிருந்த?"

"தூண் ஓரமாண்ணே. கயிறு பிடிச்சுக்கிட்டு."

"இன்னைக்கு மட்டுமா?"

எதற்கும் ஒரு கிண்டலைத் தயாராக வைத்திருக்கும் ஒல்லி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "எப்பவும் அங்கதாண்ணே நிப்பேன். யாராவது பிடிக்கணுமே."

மாமாவின் கை காற்றில் துழாவி ஏணியைப் பிடித்துக்கொண்டது. அதற்குள் அக்கா ஓடிவந்திருந்தாள். அவள் காலடிச் சத்தம் வந்த பக்கம் அவர் திரும்பினார்.

"கயிறை இந்தப் பக்கம் மாத்திட்டோம்னு சொன்னியே. காலின்னு சொன்னியே. ஒவ்வொரு தடவையும் வலது பக்கம் காலின்னு சொன்னியே!"

அக்கா அவரை நோக்கி ஓரடி வைத்தாள். "ஆள் நிக்குதுன்னு சொன்னா உங்க கை நடுங்கிடும்னுதாங்க…"

அவர் அப்படியே ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் வீட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

வெல்டர்கள், ஃபோர்மேன், ஒல்லி, எல்லோருடைய கண்ணும் அக்காவின்மேல் இருந்தது. மதியம் அதே கண்கள்தான் அவளைப் பார்த்துச் சிரித்தன. இப்போது யாரும் அவள் பக்கத்தில் வரவில்லை. பின்னால் இருந்த ஒருத்தி முணுமுணுத்தாள். "அடிப்பாவி." அவதூறு என்று சொல்லி நான் அவள்மேல் பாய முடியாது. நாடகத்தில் கூண்டில் நின்றவர்கள் ஒரு தவறும் செய்யாதவர்கள். என் அக்கா செய்திருக்கிறாள். கூண்டில் ஏற்றியதும் நான்தான்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். ஷெட் முழுவதும் எங்கள் இருவரையும் பார்த்தது. அவள் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று உதறினாள்.

மறுபடி பிடித்தேன்.